கொழும்புக்குப் போன பிடிமண்

பழங்காநத்தம்,
சனிக்கிழமை.

அன்புத் தம்பி மெர்வினுக்கு,

அக்கா பிலோமினாள் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் மச்சானும் இங்கே சுகம். திருச்சியில் நீயும் சுகமா என்று விசாரிப்பது முறை. இந்தத் தடவை விசாரிப்பதாக இல்லை. போனில் கூப்பிட்டால் கஸ்டமர் வந்துட்டாரு அக்கா என்று கழன்றுகொள்கிறாய், வாட்ஸப்பில் எழுதினால் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். உட்கார்ந்து, கடைசி வரைக்கும் படி.

முதலில் ஒன்று கேட்கிறேன். நீ எந்த அம்மன் கோயிலுக்குப் பூசாரி? புதன்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீ வந்தது டிராவல்ஸ்காரனாக. ஒன்பது பிள்ளைகளின் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, வந்த வழியே போயிருக்கலாம். வியாழன் புறப்பட்டு, கொழும்பு கான்வென்டில் ஒரு ராத்திரி தங்கி, வெள்ளி காலையில் எறிபந்து ஆடிவிட்டு அன்றைக்கே திரும்புகிற பயணம். எங்கள் அணிக்குத் தலைவி திவ்யா, அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை. அவள் கை இல்லையென்றால் எங்களை மேலூருக்குக்கூட ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். அந்த ஊரில் திடீரென்று கூட்டம் போட்டு, அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக முடிவுசெய்து, செவ்வாய்க்கிழமை காப்பும் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடிகிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் வெளியே ராத்தங்கக் கூடாது, பகலில் எங்கே அலைந்தாலும் படுக்கைக்கு ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் அவள் அப்பா பேயாண்டி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கோவிச்சுக்கிடாதீக டீச்சரம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார். திவ்யா வாசலில் நின்று புதுப் பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள், அழவில்லை. சரி, வேறு பிள்ளையைத் தலைவியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நீ வாயைத் திறந்தாய்.

"அண்ணே, ஊரு மண்ணைக் கொண்டுபோயி அது மேல படுத்தா ஊருல படுத்த மாதிரிதானண்ணே? பிடிமண் எடுக்குறதில்லையா நீங்க?"

மாதா கோயில் பூசைக்கு மணியடித்து வளர்ந்தவன் நீ, அம்மன் கோயிலுக்குச் சட்டம் சொல்கிறாய். அவர்கள் மூன்று பேரும் வேப்ப மரத்தடியில் கூடிப் பேசி, பூசாரிக்குப் போன் போட்டு, பூசாரி அங்கே பூக்கட்டிப் பார்த்து, அம்மனும் உத்தரவு கொடுத்துவிட்டது. உடனே பேயாண்டி உன்னிடமா வந்தார்? என்னிடம் வந்தார். "நீங்க வாக்குக் குடுங்க டீச்சரம்மா. புள்ள அந்த மண்ணு மேலதான் படுக்கணும். தவறுச்சுன்னா நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியாது, பெறகு இவளும் வெளையாட்டுன்னு வாசப்படி தாண்ட முடியாது" என்றார். திவ்யா என் முகத்தையே பார்த்தாள். கொடுத்தேன். நீ வாயால் சொன்னதற்கு என் வாக்கு அடமானம் ஆனது.

வியாழக்கிழமை காலையில் எங்கள் தெருவிலிருந்து ஆட்டோ பிடிப்பதே பெரும்பாடு. சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டு மாசக்கணக்காகிறது, நானும், எங்கள் அணியில் ஆடுகிற எதிர் வீட்டுப் பிள்ளை ஐரினும் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கித்தான் போனோம். விமான நிலையத்தில் பார்த்தால், பேயாண்டி ஒரு குட்டியானை வண்டி நிறைய ஆட்களோடு வந்து நிற்கிறார். பிடிமண் என்றால் ஒரு பிடி என்று நம்பியிருந்தேன். அவர் கொண்டுவந்தது ஒரு அரிசி மூட்டை. இம்புட்டு எதுக்கு என்று கேட்டதற்கு, "புள்ள புரண்டு படுக்குமுல்ல டீச்சரம்மா" என்கிறார். அவர் மனைவி இருளாயி மகளின் சாமான் ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டு வெளுத்து அடுக்கியிருந்தார். அதில் பாதியை எடுத்து என் பெட்டியில் திணித்துவிட்டு, திவ்யாவின் பெட்டியில் மண் மூட்டையை அமுக்கினோம்.

கொழும்பில் இறங்கியதும் சுங்கத்துக்காரர் அந்தப் பெட்டியைத்தான் திறக்கச் சொன்னார். மனுசர் நன்றாகத் தமிழ் பேசினார், அதுவே வினை. இது என்னம்மா என்று திவ்யாவைக் கேட்டார்.

"எங்க ஊரு, சார்" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். வெளிநாட்டு மண்ணை அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது, அதில் கிருமி இருக்கும், பயிருக்கு நோய் வரும் என்று பொறுமையாக விளக்கினார். நீங்கள் என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்றும் கேட்டார். உயிரியல் என்றேன். ஒரு கரண்டி மண்ணில் எத்தனை கிருமி என்று வருசா வருசம் கரும்பலகையில் படம் போட்டுக் கத்துகிறவள் நான். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூட்டையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். உனக்குப் போன் போட்டால், அப்படியாக்கா, எனக்கே இது புது விஷயமா இருக்கே என்கிறாய். கத்தரிக்கோல் கூடாது, ஊறுகாய் கூடாது என்று பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுக்கிறாயே, மண் கூடாது என்பது மட்டும் உன் மண்டையில் ஏறவில்லையா? நீ செய்வது டிராவல்ஸா, வேறு ஏதாவதா?

சாயங்காலம் கான்வென்ட் விடுதியில் மற்ற எட்டுப் பிள்ளைகளும் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்க, திவ்யா நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அப்பா வீடியோ காலில் கூப்பிடுகிறார், எடுக்கவில்லை. நான் படுக்கல மிஸ், விடிய விடிய உக்காந்திருந்தா தங்குனதா ஆகாதுல்ல என்கிறாள். காலையில் ஆட்டம், கண் செருகிப்போய் எப்படிப் பந்து பிடிப்பாள்? தோட்டத்து மண்ணை அள்ளிப் போடலாம் என்றேன். அது பொய் மிஸ் என்றாள். எனக்கு வந்தது பார் ஒரு கோபம். உன் மேல், பேயாண்டி மேல், அந்தப் பூசாரி மேல், அந்த அம்மன் மேலும்தான், ஆண்டவர் மன்னிக்கட்டும். அவள் கட்டிலுக்கு அடியில் பார்த்தால் அப்பிய சேறோடு ஒரு ஜோடி ஷூ கிடக்கிறது. ஊரில் நடந்த கால் சுமந்து வந்த மண் ஊர் மண்தானே! ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு மொழங்கால் போட்டுச் சுரண்ட ஆரம்பித்தேன். கோயிலில்கூட மொழங்கால் போடாதீங்க என்று டாக்டர் சொன்ன முட்டி இது. ஐரின் ஓடிவந்து என்னமோ சொல்ல வந்தாள், திவ்யாவும் வாயெடுத்தாள். இனிமே இந்த ரூம்ல ஒருத்தி வாயத் தொறந்தா தொலைச்சுப்புடுவேன் என்று ஒரே அதட்டு. ஒருத்தியும் திறக்கவில்லை. ஒரு பிடி சேர்ந்தது. லேசாக ஒரு வாடை அடித்தது, கண்மாய்க்கரைப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காகிதத்தில் பரப்பி அவள் விரிப்புக்கு அடியில் வைத்தேன். அவள் மண்ணைப் பார்த்தாள், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், சரி மிஸ் என்று சொல்லிப் படுத்தவள் நிமிசத்தில் தூங்கிவிட்டாள். நானே பேயாண்டியைக் கூப்பிட்டு, மூட்டை பறிபோன கதையையும் சொல்லி, ஆனாலும் ஊர் மண் மேல்தான் படுத்திருக்கிறாள் என்று காட்டினேன். மனுசர் போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஆட்டத்தில் ஜெயித்தோம். அது உன்னால் இல்லை. வெள்ளிக்கிழமை திரும்பி வந்து இறங்கினால் அதே குட்டியானை, கூடவே ஒரு கொட்டுச் செட்டு. வருகிற செவ்வாய்க்கிழமை பொங்கல் மேடையில் மைக் வைத்து, 'கடல் தாண்டியும் ஊர்க் காப்பைக் காத்த டீச்சர்' என்று எனக்குப் பொன்னாடை போடப் போகிறார்களாம். ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது, அம்மனுக்குப் பக்கத்தில் என் படம். பங்குச் சாமியாரிடம் நான் என்ன சொல்வேன் என்று யாருக்காவது கவலை இருக்கிறதா? ஆனாலும் போவேன். ஒரு பிள்ளைக்காகக் கொடுத்த வாக்கை முட்டி தேய்ந்து காப்பாற்றியிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். இனி சிங்கப்பூர், மலேசியா என்று படம் போட்ட காகிதத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வராதே. என் பாஸ்போர்ட்டை டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டி, சாவியை உன் மச்சானிடம் கொடுத்துவிட்டேன். செத்தாலும் இனி விமானம் ஏற மாட்டேன்.

ரூத்துக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உன்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஆசீர்வதிக்கட்டும், வாயை மட்டும் விட்டுவிடட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத அக்கா,
பிலோமினாள்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது திவ்யாவும் ஐரினும் வீட்டுக்கு வந்தார்கள். அந்த ஷூ ஐரினுடையதாம். திவ்யாவின் ஷூவை இருளாயி பிரஷ் போட்டுத் தேய்த்து அனுப்பியிருக்கிறார், அதில் ஒரு பொட்டு மண் கிடையாது. ஆக, அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்கப் படுத்திருந்தது எங்கள் தெருச் சாக்கடை மண் மேல். அப்பவே சொல்றதுக்கென்னடி என்று கத்தினேன். வாயத் தொறந்தா தொலைச்சுப்புடுவேன்னீங்களே மிஸ் என்கிறாள் ஐரின். திவ்யா தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க முட்டி வலியோட சுரண்டிக்கிட்டு இருந்தீங்க மிஸ். அதைப் பாத்ததும் எனக்கு அந்த மண்ணே போதும்னு தோணிருச்சு" என்றாள். அதற்கு மேல் அவளை எப்படித் திட்டுவது? இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க மிஸ், எனக்குப் பயமா இருக்கு என்று சொல்லிவிட்டுத் திவ்யா போய்விட்டாள்.

உன் மச்சானிடம் சாவியை வாங்கி பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டேன். கூரியர் வேண்டாம், இதைப் படம் பிடித்து வாட்ஸப்பிலேயே அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் கிளம்புகிற எந்த விமானமானாலும் சரி, எந்த நாடானாலும் சரி, ஒரு டிக்கெட் போடு. ஒன்று போதும். திவ்யா வர முடியாது, அவளுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது.