ஏழாம் நம்பர் லேப்டாப்பும் செங்கமலத்தின் வளையும்

ஒரு காட்டில், டவர் இருந்தும் சிக்னல் இல்லாத காட்டில், செங்கமலம் என்றொரு முள்ளம்பன்றி மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எல்லோரும் தத்தம் வளையைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், பதியாத வளை காட்டுப்பன்றிக்குப் போய்விடும் என்று வன அலுவலகம் தண்டோரா போட்டது. செங்கமலம் ஒரு கம்ப்யூட்டர் வாங்க விழுந்தடித்துப் பழைய சாமான் சந்தைக்கு ஓடியது.

அங்கே உடும்பு உலகநாதன் கடையில் இரண்டு லேப்டாப் இருந்தன. ஒன்றில் உள்ளிருக்கும் சிப்பின் நம்பர் 'மூன்று' என்று ஸ்டிக்கர். இன்னொன்றில் 'ஏழு'. இரண்டுக்கும் விலை ஒன்றே.

"மூணை எடுத்துக்கோம்மா. போன வருஷத்து மாடல்," என்றது உடும்பு. "அந்த ஏழு பதினாலு வருஷத்துக் கிழம். அது வந்த காலத்துல அது பெரிய ஆளு. இப்ப யாரும் சீந்த மாட்டாங்க."

அடேயப்பா! கடைக்காரனே தன் சரக்கைக் கிழம் என்கிறான்! அந்தக் காட்டில் இதுவரை நடக்காத அதிசயம். செங்கமலத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றில் ஏதோ கோளாறு, நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தது.

பக்கத்தில் நின்ற கரடி இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தது. "ஏழு நல்ல கனம். உள்ளே சரக்கு இருக்கு."

"என் மச்சினர் வெச்சிருக்கிறது வெறும் அஞ்சு. அதுக்கே என்ன அலட்டல்!" என்றது மரத்திலிருந்த இருவாச்சிப் பறவை.

உடும்பு தலைதலையாய் அடித்துக்கொண்டது. "கிழவனுக்கு ராஜான்னு பேரு வெச்சா எழுந்து ஓடிடுவானாம்மா?"

யார் கேட்டார்கள்? செங்கமலம் ஏழோடு வீட்டுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பட்டனை அமுக்கியது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. குட்டிகள் கிழங்கு தின்று, சண்டை போட்டு, தூங்கி எழுந்தன. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது படிவம் வரவேண்டிய இடத்தில் ஒரு வரி வந்தது: 'உங்கள் கருவி மிகப் பழையது.'

வீடு போச்சு! செங்கமலம் குட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுதது. முள் குத்தியும் விடவில்லை.

மறுநாள் காட்டுப்பன்றி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. பயந்து சாவதைவிடப் போய்க் கேட்டுவிடலாம் என்று செங்கமலம் அலுவலகத்துக்குப் போனது. வரிசையில் முதல் ஆளாக, படுக்கை சகிதம், காட்டுப்பன்றி நின்றிருந்தது.

"பதியாதவங்க பட்டியல் வந்தாத்தான் உன் வளை எனக்கு," என்று உறுமியது. "அது இன்னும் கம்ப்யூட்டர்ல திறக்கலையாம்."

செங்கமலம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. அதிகாரியான மிளா மானின் மேசையில் ஒரு லேப்டாப். திரையில் அதே வட்டம். மூலையில் ஸ்டிக்கர்: ஏழு.

"பெரிய நம்பராப் பார்த்து வாங்கினோம்," என்றது மிளா பெருமையாக. "அந்த உலகநாதன் மூணைத் தள்ளிவிடப் பார்த்தான். அரசாங்கம் ஏமாறுமா?"

"ரொம்ப நல்ல மெஷின் ஐயா," என்றது செங்கமலம். "தயவுசெஞ்சு மாத்திடாதீங்க."

காட்டுப்பன்றி இன்னும் வரிசையில்தான் நிற்கிறது.

நீதி: உன் கம்ப்யூட்டர் பழசு என்று கலங்காதே, அலுவலகத்தில் இருப்பதும் அதே கடையில் வாங்கியதுதான்.