மாமனார் பெயரில் ஒரு வாயில்லாப்பூச்சி

அன்பும் மரியாதையும் மிக்க மூத்த மச்சான் இக்கோலோ அவர்களுக்கு, ம்பண்டாக்காவிலிருந்து தங்கை புருஷன் பொகுங்கு வணங்கி எழுதுவது. கின்ஷாசாவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் காய்ச்சல், தலைவலி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே ஆறு கரை தொட்டு ஓடுகிறது, மீன் மலிவு. என் குடும்பம் சௌக்கியமா என்று கேட்பீர்கள். சௌக்கியம்தான், ஆனால் அது கொஞ்ச நாளாக உங்கள் அப்பா வீட்டில் இருக்கிறது.

நடந்ததை அவர் வாயால் கேட்பதற்கு முன் என்னிடமே கேட்டுவிடுங்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். காட்டிலிருந்து நான் கொண்டுவந்த புழு ஒன்று உங்கள் தங்கை பொலும்புவின் துணி அலமாரியில் கூடு கட்டி, அவள் ஞாயிறு பூசைக்குத் துணி எடுக்கும் நேரம் பார்த்து, கையகல அந்துப்பூச்சியாக வெளியே வந்தது. அவள் அலறினாள், நான் துள்ளினேன். கிடைத்த புத்தகமெல்லாம் புரட்டியும் அதற்குப் பெயர் இல்லை; புது இனம்! முதலில் விவரித்து எழுதுபவனுக்கே பெயர் வைக்கும் உரிமை. கல்யாணமான நாள் முதல் உங்கள் அப்பா என்னைப் ‘பூச்சி பிடிக்கிறவன்’ என்றே ஊருக்குச் சொல்லி வருவதால், ஒரு மரியாதை செய்து அந்த வாயை அடைக்கலாமென்று லொம்போத்தோ என்ற அவர் பெயரையே லத்தீன் வால் ஒட்டிச் சூட்டி, ‘லொம்போத்தோயி’ என்று அச்சிலும் ஏற்றிவிட்டேன்.

ஒலிபெருக்கி இல்லாமல் இரண்டு கரைக்கும் கேட்கும்படி படகுக்கு உத்தரவு போட்ட குரல் அல்லவா உங்கள் அப்பாவுடையது? செய்தி கேட்டதும் படகுத்துறை முழுவதையும் தன் வீட்டு மாமரத்தடிக்கு அழைத்துவிட்டார். பீர் வந்தது, இலையில் சுட்ட மீன் வந்தது.

“படிங்க மாப்பிள்ளை, என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?”

“உங்களைப் பத்தி இல்ல மாமா, பூச்சியைப் பத்தி.”

“பேரு யாருது?”

“உங்களுது.”

“அப்ப என்னைப் பத்திதான். படிங்க!”

படித்தேன். வயிறு பருத்தது. உடலெங்கும் செம்பழுப்பு மயிர். பறப்பதில் மந்தம். துறைக்காரர்கள் சிரிப்பை மீனோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வரி: வாய் இல்லை.

உங்கள் அம்மா தொடையைத் தட்டி எழுந்துவிட்டார். “இத்தனை வருஷமா நான் மாதாகிட்ட கேட்டது இதுதானே! மாப்பிள்ளை, சந்தையில விக்கிற புழு மாதிரி அந்தப் புழுவையாவது திங்கலாமா?”

“கசக்கும் அத்தை. முடி தொண்டையில குத்தும்.”

“பேர் பொருத்தம்னா இதான்!”

“வாய் இல்லாம எப்படிய்யா சாப்பிடும்?” என்றார் உங்கள் அப்பா.

“சாப்பிடாது மாமா. புழுவா இருந்தப்ப தின்னதை வெச்சே ஓட்டும். ஒரு வாரத்துல செத்துரும்.”

“கேட்டீங்களா! நான் செத்துருவேன்னு அச்சடிச்சு உலகம் பூரா அனுப்பியிருக்கான்!”

‘மாப்பிள்ளை’ அத்தோடு ‘அவன்’ ஆயிற்று. பதற்றத்தில், பெண் பூச்சியைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறேனே, அதைப் படித்தால் குளிர்ந்துவிடுவார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெண் பூச்சி இருந்த இடத்தைவிட்டு அசையாது. அதன் வாசனைக்கு வெகு தூரத்திலிருந்தெல்லாம் ஆண் பூச்சிகள் தேடி வரும்.

உங்கள் அம்மாவின் சிரிப்பு நின்றது. “லொம்போத்தோவோட பொம்பளைன்னா நான்தானே? எவன்டா வந்தான் என் வாசலுக்கு?”

அம்மாவின் மானம் போன கோபத்தில் பொலும்பு பையை எடுத்தாள், குழந்தைகளைக் கூப்பிட்டாள், அப்பா வீட்டுக்குள் போய்விட்டாள். பெயரை எடுக்கச் சொன்னார் உங்கள் அப்பா. அச்சில் ஏறியதை என் இஷ்டத்துக்கு அழிக்க முடியாது, விதி அப்படி என்றேன்.

“அப்ப பொண்ணும் வராது. பொண்ணுக்குப் பரிசமா நீ குடுத்த ஆட்டையெல்லாம் தின்னு தீர்த்துட்டோம். இல்லேன்னா இப்பவே ஓட்டிட்டுப் போன்னு சொல்லியிருப்பேன்!”

மச்சான், வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. என் புழுக்களுக்கு இலை கழுவிக் கொடுப்பவள் அவள்தான்; இப்போது நானே ஒவ்வொரு இலையாகக் கழுவுகிறேன். மரவள்ளிக் கட்டியைத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாமல் தின்கிறேன். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். அடுத்த படகிலேயே ஏறி வாருங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கடவுள் உங்கள் வாசலில் நல்ல செய்தியை மட்டும் இறக்கட்டும்.

தங்கள் தங்கை புருஷன்,
பொகுங்கு

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து தகவல்: இதே பூச்சியை அந்தக் காலத்திலேயே ஒரு பாதிரியார் விவரித்து, தன் நாயின் பெயரை வைத்திருக்கிறாராம். முந்திய பெயர்தான் செல்லும். செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய், “உங்க பேரு போயிருச்சு மாமா!” என்று கூவினேன். பூச்சிப் படம் போட்ட புதுச் சட்டையில் துறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “என் பூச்சியை நாய்க்கா குடுத்தே?” பொலும்பு சிரித்த சிரிப்பில் கோபமெல்லாம் போய், குழந்தைகளோடு வீடு வந்துவிட்டாள். கூடவே உங்கள் அப்பாவும் பெட்டியோடு வந்திருக்கிறார். வேறு புதுப்பூச்சி கிடைக்கும்வரை இங்கேதானாம். வாய் உள்ளதாகப் பார்க்க வேண்டுமாம். பின்குறிப்பின் முதல் வரியை அடித்துவிட்டு உடனே கிளம்பி வாருங்கள்.