மாமனாருக்குப் பொரித்த ஜப்பான் கோழி

என் வீட்டில் முதன்முறையாகச் சாப்பிட உட்கார்ந்த மாமனாரின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கியவன் நான். இதை நானே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் எனக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். (என் மனைவி சொன்னால், தட்டோடு நான் வீட்டைச் சுற்றி ஓடினேன் என்றும் சேர்த்துச் சொல்வாள். ஓடவில்லை. இரண்டு எட்டு பின்னால் வைத்தேன், அவ்வளவுதான்.)

நான் கொடைக்கானலில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். பெயர் ஆரோக்கியராஜ், வீடு செண்பகனூரில். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. மிச்சமெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் பேசிக் கற்றுக்கொண்டதுதான். என் மனைவி வள்ளியும் அப்படி வந்தவள்தான். பழனி அடிவாரத்துப் பெண், இங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. மழையில் பஸ் வராத ஒருநாள் என் ஜீப்பில் ஏறினாள். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

இதில் அவள் அப்பாவுக்கு உடன்பாடு கிடையாது. கல்யாணத்துக்கு வரவில்லை. இரண்டு வருஷம் பேச்சில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அடிவாரத்தில் திருநீறு, சந்தனம், காவடிச் சாமான் விற்கிற கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்து அவர் சம்பாதித்ததில் பெரியது சந்தேகம். எலுமிச்சம்பழம் வாங்கினால் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். பால்காரர் சிரித்தால் அன்றைக்குப் பாலைத் திருப்பி அனுப்பிவிடுவார். "மனுசன் முகத்தப் பாக்காத, சரக்கத் தொட்டுப் பாரு" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. அதை வள்ளி சொல்லக் கேட்ட அன்றே எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர் தொட்டுப் பார்க்கப் போகிற சரக்கு நான்தான் என்று அப்போது தோன்றவில்லை.

வள்ளிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது கீழேயிருந்து போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை வாரேன். பாத்துட்டுச் சொல்றேன்." அவ்வளவுதான் பேசினார். கிருத்திகை, சஷ்டி, அமாவாசை எதுவும் குறுக்கே வராத ஞாயிறாகப் பார்த்திருந்தார். அதிலிருந்தே கறி சாப்பிடுகிற உத்தேசம் உண்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வள்ளிக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வா என்று அப்பா கூப்பிட வேண்டும். அம்மா கையால் வளையல் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை அது.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள். "அன்னைக்கு ஒரு பொழுது கம்முனு இருந்தாப் போதும்."

கம்மென்று இருக்கிற ஆளா நான்?

மாமனாருக்குப் பொரித்த கோழி என்றால் உயிர். ஆனால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எண்ணெய்ப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. எங்கள் வீட்டிலோ வள்ளியின் ஆபீசில் கல்யாணப் பரிசாகக் கொடுத்த ஏர் ஃபிரையர் ஒன்று பிரிக்காமலே கிடந்தது. எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் என்று அட்டையில் எழுதியிருந்ததாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. அயர்ன் செய்த துணியை அடுக்கத்தான் அது பயன்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஜப்பான் அம்மாவைக் கிளாவரை கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். உருளைக்கிழங்குக் காட்டைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். அவர் தன் பாஷையில் பேசப் பேச அவர் போன் அதைத் தமிழில் சொன்னது. அவர்கள் ஊரில் கோழித்துண்டுகளைச் சோயா, இஞ்சி, பூண்டில் ஊறவைத்து, இந்தக் கிழங்கின் மாவில் புரட்டிப் பொரிப்பார்களாம். கராகே என்று பெயர். அவரும் வீட்டில் ஏர் ஃபிரையரில்தான் செய்கிறாராம். செய்முறையை வரிவரியாகச் சொன்னார். கடைசி வரி, மாவின்மேல் கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டும் என்பது. எண்ணெய் இல்லாத மெஷினுக்கு எதற்கு எண்ணெய்? போன் தப்பாகச் சொல்கிறது என்று சந்தேகப்பட்டு அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

கிழங்கு மாவு கடையில் கிடைக்கவில்லை. மலை முழுக்கக் கிழங்கு விளைகிற ஊரில் மாவுக்கு என்ன பஞ்சம் என்று மூன்று கிலோ கிழங்கைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, அந்தத் தண்ணீரைத் தெளியவைத்தேன். அடியில் வெள்ளை வெளேரென்று மாவு படிந்தது. ஆனால் காயவைக்க வெயில் வேண்டுமே. ஐந்து நாளாக மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் கதகதப்பான இடம் ஒன்றே ஒன்றுதான், வள்ளி விளக்கேற்றுகிற சாமி அலமாரி. எவர்சில்வர் கிண்ணத்தில் மாவைப் போட்டு விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கேயே வள்ளியின் திருநீற்றுச் சம்புடமும் இருந்தது. அது காலியாகி ஒரு வாரம். அப்பா கொண்டுவருவார் என்று காத்திருந்தாள். (இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

மாமனார் வெள்ளனே பஸ் பிடித்துப் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். பெருமாள்மலை தாண்டும்போதே சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. மப்ளரை அவிழ்க்காமலே வீட்டைச் சோதனை போட்டார். சுவரைத் தட்டினார். குழாயைத் திறந்து மூடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் வள்ளி வழியாகத்தான்.

"உன் வீட்டுக்காரரு ஜீப்பு சொந்தமா?"

"சொந்தம்தாம்ப்பா."

"ஆர்.சி. புக்கு யாரு பேர்ல கெடக்கு?"

எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

அடுத்து சமையற்கட்டு. சோயாவில் ஊறிக்கொண்டிருந்த கோழியை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, இன்ஜின் ஆயில் மாதிரி?"

"சோயாப்பா. ஜப்பான் முறை."

"இந்தப் பெட்டி?"

"அதுலதாம்ப்பா பொரிக்கப் போறாரு. எண்ணெய் வேணாம். சூடான காத்துலயே வெந்துரும்."

மாமனார் ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தார். திங்கட்கிழமை காயப்போட்ட என் சட்டை ஞாயிற்றுக்கிழமையும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஊருக் காத்துல துணியே காய மாட்டேங்குது" என்றார். "கோழி வேகுமாமா?"

பேச்சு எப்படியோ அவர் கடைக்குப் போயிற்று. இப்போதெல்லாம் திருநீற்றில் சுண்ணாம்பைக் கலந்து விற்கிறார்களாம். "எங்கிட்ட நடக்காது. கண்ணக் கட்டிவிட்டாலும் ரெண்டு விரல்ல தொட்டுச் சொல்லிருவேன், எது சுத்தம், எது கலப்படம்னு." சொல்லிவிட்டு வெந்நீரில் குளிக்கப் போனார்.

அந்த நேரத்தில் என் வேலையை வெரசாக முடித்தேன். கிண்ணத்தை எடுத்துவந்து கோழியை மாவில் புரட்டினேன். அடுத்த ஈடுக்கு வேண்டுமே என்று மிச்ச மாவைப் பழைய இடத்திலேயே விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். கோழியைப் பெட்டிக்குள் தள்ளிப் பட்டனை அமுக்கினேன்.

மாமனார் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி பெஞ்சின் மேல் இருந்தது. நேராகச் சாமி அலமாரிக்குப் போனார். விரலைத் தண்ணீரில் நனைத்து என் கிண்ணத்தில் தொட்டுக் குழைத்து நெற்றியில் மூன்று பட்டையாக இழுத்தார். கண்ணை மூடி "முருகா" என்றார்.

சமையற்கட்டிலிருந்து எட்டிக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

முப்பது வருஷ அனுபவக்காரர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிக்கிறவர். அவர் தொட்டுப் பூசியிருக்கிறார் என்றால் அது திருநீறேதான். என் சந்தேகம் முழுக்க வள்ளியின்மேல் போயிற்று. நான் பார்க்காத நேரத்தில் என் மாவை எங்கேயோ கொட்டிவிட்டு, அப்பா கொண்டுவந்த திருநீற்றை அதே கிண்ணத்தில் நிரப்பியிருக்கிறாள். அப்படியென்றால் நான் கோழியைப் புரட்டியது எதில்?

ட்ரேயை இழுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு துண்டும் சாம்பலில் புரண்டு எழுந்த மாதிரி வெள்ளையாகக் கிடந்தன. பொன்னிறமாக வரும் என்று அந்த அம்மா சொன்னதில் மருந்துக்குக்கூட ஒரு துண்டு இல்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சிலுவை போட்ட வேதக்காரன் ஒருவன், பழனி அடிவாரத்தில் திருநீறு விற்கிறவருக்கு, அவர் கொண்டுவந்த திருநீற்றிலேயே கோழியைப் புரட்டிப் போடுகிறான். வேண்டுமென்றே செய்தான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானே அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். வள்ளியைக் கேட்டுத் தெளியலாம் என்று கூடத்துக்கு வந்தேன். அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வருஷத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னத்தைக் கேட்பது?

"கோழி கருகிருச்சு" என்றேன். "ரசமும் முட்டையும் வைக்கவா?"

மாமனார் வள்ளியிடம் சொன்னார்: "கருகுனா புகை வரணுமே."

"இது புகை வராத மெஷின், மாமா."

"எண்ணெயும் இல்ல. புகையும் இல்ல. இப்பக் கோழியும் இல்லயாம்மா?"

அதற்குமேல் அவர் உட்காரவில்லை. எழுந்து என்னைத் தாண்டிச் சமையற்கட்டுக்குப் போனார். ட்ரேயை அவரே இழுத்தார். வெள்ளைக் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கருகாத கோழியை ஒருவன் கருகியது என்று ஒளித்தால் என்ன காரணம் இருக்கும் என்று அவர் மண்டைக்குள் ஓடுவது எனக்கே கேட்டது. நான்கு துண்டைத் தட்டில் எடுத்துவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து வாய்க்கிட்ட கொண்டுபோனார்.

அப்போதுதான் பிடுங்கினேன்.

துண்டு கீழே விழுந்து உருண்டது. வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சாப்பிடாதீங்க மாமா" என்றேன். "அது மாவு இல்ல. நீங்க கொண்டாந்த திருநீறு. தெரியாமப் பெரட்டிட்டேன். சத்தியமா வேணும்னு செய்யல. என்னை என்ன வேணா சொல்லுங்க, வள்ளியக் கூப்பிடாம மட்டும் போயிராதீங்க."

மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இரண்டு வருஷத்தில் முதன்முறையாக, என்னிடம் நேராகப் பேசினார்.

"நான் கொண்டாந்தது என் பையிலல்ல கெடக்கு. இன்னும் பிரிக்கவே இல்லயே."

வள்ளி போய்ப் பையைத் திறந்தாள். இரண்டு பொட்டலம், கட்டின கயிறு கட்டினபடி இருந்தது.

"அப்ப அந்தக் கிண்ணத்துல?" என்றார்.

"உருளைக்கிழங்கு மாவுதாம்ப்பா" என்றாள் வள்ளி. "காயறதுக்கு இவரு வச்சது."

மாமனாரின் கை மெதுவாக நெற்றிக்குப் போனது. குழைத்துப் பூசிய மாவு இதற்குள் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. தொட்டதும் நடுப்பட்டை முழுசாகப் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். இரண்டு விரலில் தேய்த்தார். நறநறவென்றது. கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கெழங்குதான்" என்றார்.

வள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியாமல் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள்.

மாமனார் அவளைக் கண்டுகொள்ளவில்லை. "நான் நெத்தியில கெழங்கப் பூசிக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ பாத்துக்கிட்டு நின்னயா?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க பூசுனதப் பாத்துத்தான் மாமா அது திருநீறுன்னு நம்புனேன். நீங்களே தொட்டுப் பாத்தபெறகு எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்?"

மாமனார் என் கையிலிருந்த தட்டை வாங்கி ஒரு துண்டைக் கடித்தார். ஓரமாய் மென்றார். உதடெல்லாம் வெள்ளையாயிற்று.

"உள்ள நல்லா வெந்துருக்கு. வெளியதான் பவுடர் போட்ட மாதிரி இருக்கு. மேல ஒரு சொட்டு எண்ணெய் தடவியிருக்கணும்."

ஜப்பான் அம்மா கிளாவரையில் சொன்னதும் அதேதான்.

தட்டில் மிஞ்சிய மூன்றையும் தின்று கை கழுவியபின் சொன்னார்: "வளையல் போட்டு வள்ளியக் கூட்டிட்டுப் போறோம். தேதிய அவ அம்மா சொல்லுவா. ஆனா ஒண்ணு மாப்ள, இந்த நெத்தி சமாச்சாரம் மலைக்குக் கீழ வரப்படாது."

மாப்ள என்றார். அதைக் கேட்ட சந்தோஷத்தில் மூன்று தடவை சத்தியம் செய்தேன். வள்ளி செய்யவில்லை. அப்பா ஏறின பஸ் பெருமாள்மலையைத் தொடுவதற்குள் அவள் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். மாமனார் பழனியில் இறங்கும்போது பக்கத்துக் கடைக்காரர், "அண்ணாச்சி, கெழங்கு என்ன வெல?" என்று கேட்டாராம்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. எங்கள் மகள் மாமனார் வீட்டில்தான் பிறந்தாள். கராகே இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது. எண்ணெய் தடவத் தவறுவதில்லை. மாமனாரின் சந்தேகம் மட்டும் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தால், தன் கையால் கட்டிக் கொண்டுவந்த பொட்டலத்திலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். நான் நாக்கில் போட்டுத் தலையாட்டினபிறகுதான் பூசிக்கொள்வார்.

போன மாதம் அடிவாரத்துக் கடையில் உட்கார்ந்திருந்தேன். திருநீறு வாங்க வந்த ஒருவர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "இது சுத்தமானதுதானா?" என்று இழுத்தார். முன்பெல்லாம் அப்படிக் கேட்டவர்களை மாமனார் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அன்றைக்குக் கோபப்படவில்லை. பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

"மாப்ள, தின்னு பாத்துச் சொல்லுங்க."

தின்றேன். நல்ல சரக்குதான் என்றேன். வந்தவர் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே மலைப்படி ஏறப் போனார்.