காரில் உட்கார்ந்த குழாய்க்காரர்

சீனப் புத்தாண்டான வசந்தத் திருவிழாவுக்குள் மாமனார் வாயை அடைத்துவிடுவது என்று குவோ ஷிலின் சபதம் செய்துகொண்டார்.

யிசாங் நகரில் குளியலறைக் குழாய் விற்பவர் குவோ. கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் மாமனார் அவரைக் 'குழாய்க்காரர்' என்றுதான் சொல்வார். புத்தாண்டின் இரண்டாம் நாள் மாப்பிள்ளைகள் எல்லோரும் பெண் வீட்டு விருந்துக்குப் போயாக வேண்டும். அங்கே மூத்த மாப்பிள்ளை, கார் சாவியைச் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். நல்ல மீன் துண்டெல்லாம் அந்தச் சாவி இருக்கும் பக்கமே போகும். குவோவுக்கு வால்தான்.

மாமனார் நாள் முழுக்கக் கைபேசியில் வீடியோ பார்க்கிறவர். அங்கேயே மடக்குவோம் என்று குவோ தீர்மானித்தார். வீடியோ போடக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது மனைவி யாலான். குவோவுக்குக் குழாயைத் தவிர வேறெதையும் திறக்கத் தெரியாது.

கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், வழியை மறித்து நின்ற தன் நீளமான கறுப்புக் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். குவோ தள்ளி நிறுத்தினார். இறங்குவதற்கு முன் வீடியோவும் எடுத்துக்கொண்டார். ஸ்டீயரிங்கில் ஒரு கை, தலைமுடியில் ஒரு கை. காசெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, மனசுதான் முக்கியம் என்று வானத்தைப் பார்த்து ஒரு வசனம் வேறு. போட்ட வீடியோவுக்கு மாலைக்குள் நாற்பதுக்கு மேல் பார்வைகள் ஏறியிருந்தன. குவோ அன்றைக்கு இன்னொரு கிண்ணம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் நாடே கொதித்தது. தங்கக் குளியல்தொட்டியில் படுத்துக்கொண்டு ஏழைகளைக் கேலி செய்த எவனோ ஒருவனை ஜனங்கள் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது, வரி கட்டினானா என்று ஒரே கேள்வி. அவன் கணக்கையே மூடிவிட்டார்கள். பகட்டுக் காட்டியவர்கள் எல்லாம் வரிசையாக நின்று மன்னிப்புக் கேட்டார்கள். சந்தையில் முள்ளங்கி விற்கிற பெண்கூடத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு திட்டினாள். குவோ வீட்டுக்கு ஓடிவந்து தன் வீடியோவை அழித்தார்.

கொஞ்ச நேரத்தில், 'ஆற்றங்கரைப் பூனை' என்ற பெயரில் ஒரு செய்தி வந்தது.

"அழிச்சா போயிடுமா? என்கிட்ட பத்திரமா இருக்கு."

தான் மிகவும் எளிமையான ஆள் என்று குவோ பதில் அனுப்பினார்.

"எளிமையான ஆளா? அப்ப உங்க வீட்ல பாத்திரம் யாரு கழுவறது?"

குவோ சட்டைக் கையை மடித்துவிட்டுக் கழுவினார். அதை வீடியோவாகவும் போட்டார். வாணலி அடியில் கரி தெரிகிறதே என்றது பூனை. தேய்த்தார். தரை பளபளக்கவில்லையே என்றது. துடைத்தார். புத்தாண்டுக்காக உப்புப் போட்ட பன்றி இறைச்சியைப் பால்கனியில் கட்டித் தொங்கவிடும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றையும் மறக்காமல் வீடியோ எடுத்துப் போட்டார். யாலான் சோபாவில் சாய்ந்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டே பார்த்தாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஏன், ஒரு மனுஷன் தன் வீட்டு வேலையைத் தான் செய்யக் கூடாதா?"

"தாராளமா செய்யலாங்க. இத்தனை வருஷத்துல நான் ஒரு நாளாவது தடுத்திருக்கேனா?"

கடைசியில் பூனை, பணத்திமிர் இல்லாதவன், தன் பெண்டாட்டி காலைக் கழுவிவிட வெட்கப்படமாட்டான் என்றது. சாயங்காலம் குவோ மரத்தொட்டியில் இஞ்சி போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தார். கைபேசியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

யாலான் தையல் ஆலையில் பகலெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவள். அவள் குதிகாலை அவர் பார்த்துப் பல காலம் ஆகிவிட்டது. அது வறண்ட சேறு போல வெடித்திருந்தது.

"இது எப்ப வந்தது?"

"போன குளிர்காலத்துல."

"சொல்லவே இல்லையே நீ."

"உங்களுக்குக் கடை கவலையே பெரிசா இருந்தது. விடுங்க."

குவோவுக்குப் பூனையும் மறந்துபோயிற்று, கைபேசியும் மறந்துபோயிற்று. தண்ணீர் ஆறிய பிறகும் அவர் அந்தக் காலைக் கீழே விடவில்லை. கடையில் விற்கிற குழாய்களையெல்லாம் நாள் தவறாமல் துடைத்து வைத்தவர், இதைப் பார்க்கத் தவறிவிட்டோமே என்று வருந்தினார்.

மறுநாள் காலையில் மாமனார் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, வீடியோ பாத்தேன்."

அவர் வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்று வந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அதை ரசிக்கிற நிலைமையில் குவோ இல்லை.

"மாமா, அந்தக் கார் என்னோடது இல்ல. சும்மா தள்ளி நிறுத்தறதுக்காக..."

"எந்தக் கார்?"

குவோ திரும்பி யாலானைப் பார்த்தார். அவள் சாவகாசமாகச் சொன்னாள். அந்தக் கணக்கில் போடுவதை அவள் ஒருத்தி மட்டுமே பார்க்கிற மாதிரிதான் முதலிலேயே வைத்திருந்தாளாம். நேற்றைய வீடியோவை மட்டும் அவளே போட்டு, எல்லோருக்கும் திறந்துவிட்டாளாம்.

"அப்ப அந்தப் பூனை?"

"நான்தான்."

"நாற்பது தடவை பாத்தது?"

"அதுவும் நான்தான். கார்ல நல்லாத்தான் இருந்தீங்க. திரும்பத் திரும்பப் பாக்கணும்னு தோணிச்சு."

கோபப்படலாம் என்று குவோ பார்த்தார், கோபம் வரவில்லை. கைபேசியில் மாமனார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"பொண்டாட்டி மேல பாசம் இருந்தா வீட்டுக்குள்ள வச்சுக்கணும் மாப்பிள்ளை. இப்படியா ஊருக்கே காட்டிப் பீத்திக்கறது? எங்க தெருவுல ஆம்பளைங்க அத்தனை பேரும் கொதிச்சுப் போயிருக்கோம். உங்க சகலைக்கு நேத்து வீட்ல சோறு கிடையாதாம். ரெண்டாம் நாள் இங்க வரும்போது பாத்து, சந்து வழியா வாங்க. சரி, நான் வைக்கறேன். தண்ணி ஆறுது, உங்க அத்தை காலை நீட்டிட்டு உக்காந்திருக்கா."