கதர் வேட்டியும் கல்கத்தா சாக்கும்

மேடையில் பேசக் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாத வியாதி இளமையில் எனக்கு இருந்தது. அது முப்பதுகளின் தொடக்கம். பகலில் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய வெள்ளைக்காரன் கிடங்கில் மான்செஸ்டர் துணி மூட்டைகளுக்குக் காவல் இருப்பேன். மாலையில் அதே துணியைக் கொளுத்தச் சொல்லிப் பேசுவேன். (சம்பளம் மட்டும் கதரில் வரவில்லை.)

டத்தோ கிராமாட் திடலில் ஒரு கூட்டம். ஏற்பாடு செய்தவர் வடிவேலு. அவருடைய தங்கை ராஜத்தைப் பெண் கேட்கும் எண்ணம் எனக்கு இருந்ததால், சூலியா தெருவில் ராட்டைப் படம் போட்ட புதுக் கதர் வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். கதருக்கு இவ்வளவு மலிவா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முன்வரிசையில் ராஜம். பக்கத்தில் அந்நியத் துணியைக் கொளுத்த மூட்டிய நெருப்பு. எனக்கு வேகம் பிறந்துவிட்டது.

"நம்ம பஞ்சு கப்பல்ல மான்செஸ்டருக்குப் போகுது! துணியா திரும்பி வந்து நம்ம காசையே பிடுங்குது! அந்நியத் துணி எதுவானாலும் நெருப்புல போடுங்க!"

கைதட்டல். சட்டையும் சேலையுமாக நெருப்பில் விழுந்தன. நான் வேட்டி முனையைத் தூக்கிக் காட்டினேன். "இது நம்ம ஆளுங்க கையால நெய்தது! தொட்டுப் பாருங்க!"

ராஜம் தொட்டாள். இங்கிலீஷ் படித்தவள், ஓரத்தில் இருந்த பொடி எழுத்தையும் படித்தாள்.

"அண்ணே, மேட் இன் ஜப்பான்னு போட்டிருக்கே?"

என்னைப் பார்த்துச் சொன்ன அந்த 'அண்ணே'தான் முதலில் சுட்டது.

"தலைவரே, எதுவானாலும்னு சொன்னீங்களே," என்றார் வடிவேலு.

"போடுங்க லா!" என்று கூட்டம் கத்தியது.

யாரோ இரக்கப்பட்டு ஓர் அரிசிச் சாக்கை நீட்டினார்கள். அதைச் சுற்றிக்கொண்டு வேட்டியை உருவி நெருப்பில் போட்டேன். நன்றாகத்தான் எரிந்தது.

ராஜம் சாக்கையும் உற்றுப் பார்த்தாள். "கல்கத்தா மில்லுன்னு இருக்கு. அந்த மில்லும் வெள்ளைக்காரனோடது தானேண்ணே?"

"வேணாம் புள்ள," என்று வடிவேலு பதறினார். "அதையாவது கட்டிக்கட்டும், விட்டுடு!"

வீடுவரை சாக்கோடு நடந்தேன். பெண் கேட்கும் ஆசையை வழியிலேயே விட்டுவிட்டேன். ஆனால் சில நாளில் வடிவேலுவே வீடு தேடி வந்தார். "சொன்னபடி செஞ்ச மனுசன் இவர் ஒருத்தர்தான்னு ராஜம் சொல்லுது. என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வேன்? கல்யாணம் நடந்தது. ராஜம் 'அண்ணே'யை விட்டுவிட்டாள். ஊர் என்னை 'ஜப்பான்காரர்' ஆக்கிவிட்டது. பினாங்குத் தீவைவிட்டுப் போனாலும் எதிர்க்கரையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டைத் தாண்டாத எனக்கு அந்தப் பெயரே நிலைத்தும்விட்டது.

இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் விவரம் தெரியாமல் கேட்பார்கள்: "தாத்தா, ஜப்பான் எப்படி இருந்துச்சு?"

அடுப்படியிலிருந்து ராஜம்தான் பதில் சொல்வாள்: "கட்டியிருந்தப்போ காத்து நல்லா வந்துச்சாம்!"