கைபேசி விலை ஏறியது ஏன் என்று நான் விசாரித்த விதம்

கிராஸ் நகரம்,
மே 14.

அன்புத் தங்கை ஹெட்விக்குக்கு அண்ணன் ஒட்டோகார் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை லோரென்ஸும் முழங்கால் வலியில்லாமல் நடமாட வேண்டுமென விரும்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணி டிரவுடலும் சுகம். சுகமில்லாமல் போனது அவள் கைபேசிதான்.

ஈஸ்டர் விருந்தில் நீ கேட்டாயே, "அண்ணா, பழுது பாக்க வசதியாத்தான் போனைத் தயாரிக்கணும்னு சட்டம் போட்டிருக்காங்களே, அந்தச் செலவு யார் தலையில விழும்?" என்று. "கம்பெனிக்காரன் தலையில" என்று வாய் நிறையப் பன்றிக்கறியோடு சொன்னேன். பொய்யில்லை, தெரியாமல் சொன்னது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போன திங்கட்கிழமை வந்தது. சாலட்டில் பூசணி விதை எண்ணெய் ஊற்றப் போய் டிரவுடலின் கைபேசிக்கு அபிஷேகம் செய்துவிட்டேன். துடைக்கப் போய்க் கீழே போட்டேன். எடுக்கப் போய் மிதித்தேன். அவள் புஜத்தில் ஒட்டியிருக்கும், ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி அந்தக் கைபேசியோடுதான் பேசும். "சர்க்கரை ஏறுதா இறங்குதான்னு இனிமே உங்க மூஞ்சியைப் பாத்தா தெரிஞ்சுக்கணும்?" என்றாள். விரலைக் குத்திக் குத்திப் பார்த்தாள். ஒவ்வொரு குத்தும் எனக்கு வலித்தது.

கடைக்கு ஓடினேன். போன வருஷம் முந்நூற்று முப்பது யூரோவுக்கு விற்ற ரகம், புது அவதாரத்தில் நானூற்று இருபது! "எதுக்குப்பா இந்த ஏத்தம்?" என்றேன். "பெரியவரே, விற்கிறதை நிறுத்தின பிறகும் ஏழு வருஷம் உதிரிபாகம் தரணும்னு சட்டம். கிடங்கு வேணும், ஆள் வேணும், சும்மா வருமா?" என்றார் விற்பனைக்காரர். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டி, டிக்கெட் விலை ஏறும்போதெல்லாம் பயணிகளிடம் இதே குரலில் காரணம் சொன்னவன் நான். "ஏத்தினது மொத்தமும் கிடங்குக்கா போகுது?" என்றேன். "கேமராவும் மாத்தியிருக்காங்க" என்று முனகினார். "அதுக்கு எவ்வளவு, இதுக்கு எவ்வளவு?" "அதை எனக்கு யார் சொல்றா!"

அங்கிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், கைபேசி பழுது பார்க்கும் ஸ்னெஜானாவிடம் போனேன். மோந்து பார்த்து, "தாளிச்சுக் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றாள். திரை மட்டும்தான் போயிருந்ததாம். "இது பழைய ரகம், பசை போட்டு ஒட்டியிருக்கான். பிரிக்கவே முக்கால் மணி ஆகும். புதுசுல நாலு திருகாணிதான்."

"ஆனா விலை ஏறிடுச்சேம்மா?"

"ஏறிச்சு. மூணு வருஷத்துல தூக்கிப் போடாம ஏழு வருஷம் வெச்சிருந்தா? வகுத்துப் பாருங்க."

ரசீதின் பின்பக்கத்தில் வகுத்தேன். பழைய விலையில் வருஷத்துக்கு நூற்றுப் பத்து. புது விலையில் அறுபது. நம்பாமல் மறுபடி வகுத்தேன்.

புதுத் திரையோடு வீடு திரும்பினேன். டிரவுடல் "நூத்திப் பதினெட்டு" என்று சர்க்கரையைப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இதை லோரென்ஸிடம் சொல்லாதே.

ஆகவே தங்கையே, என் பதில்: செலவு நம் தலையில்தான் விழுகிறது, ஆனால் மெதுவாக விழுகிறது, பொறுமைசாலிக்கு வலிக்காது. நாங்கள் இந்தப் பழையதையே அதன் கடைசி மூச்சுவரை வைத்திருப்பதாகத் தீர்மானம். ஆண்டவர் உன் தக்காளிச் செடிகளை நத்தைகளிடமிருந்து காப்பாராக.

அன்புடன்,
ஒட்டோகார்

பி.கு.: ரசீதின் பின்பக்கத்தை டிரவுடல் படித்துவிட்டாள். "ஒண்ணு வாங்கினா வருஷத்துக்கு அம்பது மிச்சம்னா, ரெண்டு வாங்கினா நூறு மிச்சமில்ல?" என்று இன்று காலை இரண்டு புதுசு வாங்கி வந்துவிட்டாள். எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. நீ வகுத்துப் பார்த்து எழுது.