எத்தனை இஞ்சு ஷார்ட்?

கடையில் விற்கும் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை, தன் கையாலேயே ஒன்றைக் கட்டுவது என்று இன்ஜினியர் சபதம் எடுத்தார். உண்மையில் அவர் இன்ஜினியர் அல்ல. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. மக்கர் பண்ணிய ஸ்டேப்ளரை ஒருமுறை ஹேர்பின்னால் சரிசெய்ததிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது கேலி என்பது அவரைத் தவிர ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

உதிரி பாகங்களை வாங்கிவந்து, ஜன்னல் வைத்த சின்ன அறையில் ஒரு மாதம் குடியிருந்தார். அந்த அறைமேல் மனைவிக்கும் ஒரு கண். அவள் அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷின் சமையலறை வாசலில், இருட்டில், போகிற வருகிறவர் இடுப்பையெல்லாம் பதம் பார்த்துக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை மாலை கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"ஜன்னல் வெளிச்சம் எனக்கு வேணும்ங்க. கண்ணு வலிக்குது."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இது ஓடலைன்னா ரூம் உனக்கு. ஓடிச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. என்ன?"

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. மனுஷர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பட்டனை அமுக்கினார். உள்ளே காற்றாடி சுற்றவில்லை. விளக்கு எரியவில்லை. பெட்டி குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"எங்கேயோ ஷார்ட் ஆயிருக்கு."

"எத்தனை இஞ்சு ஷார்ட்?"

"இது துணி இல்ல. உனக்குப் புரியாது."

"புரியாதுதான். மதர்போர்டுன்னு ஒண்ணு சொன்னீங்களே, அது நல்லா இருக்கா?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஃபாதர் பக்கம்தான் கோளாறு."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி அடையாளம் போட்டுக்கோங்க. அப்புறம் எது எங்கேன்னு முழிப்பீங்க."

"எல்லாம் மூளையில இருக்கு."

மூளையில் இருந்ததையெல்லாம் திரும்ப மாட்டி முடித்தபோது தரையில் மூன்று திருகாணிகள் மிச்சம் இருந்தன. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தார். பவர் ஒயரை மாற்றினார். சுவரில் கரண்ட் வருகிறதா என்று மேஜை விளக்கைச் செருகிப் பார்த்தார். அது ஜம்மென்று எரிந்தது. பட்டனை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அதிலிருந்து போகும் தலைமுடி மாதிரி ஒயர்களை வெள்ளிக்கிழமை கண்ணைச் சுருக்கிச் சுருக்கி மாட்டியதே போதும் என்று அவற்றைத் தொடவே இல்லை.

ஞாயிறு நாலரை மணி. இன்ஜினியர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அறை போவதுகூடப் பெரிதில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் முழுக்க விசாரிக்குமே, அதற்கு லீவு போட்டுவிடலாமா என்று யோசித்தார்.

மனைவி டீயோடு வந்தாள். "ஒருவேளை ரூம்லதான் கோளாறோ?"

"விளக்கு எரியுதே."

"விளக்கு எம்மாத்திரம்? உங்க மெஷின் எவ்வளவு பெரிசு! ஹால்ல ஒரு தடவை வெச்சுப் பார்க்கலாமே."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதைத்தான் நானும் நினைச்சேன்" என்று மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் பெட்டியின் உள்ளே தூசி தட்டி, துடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஹாலில் பட்டனை அமுக்கினார். காற்றாடி விர்ரென்று சுற்றியது. திரை பளிச்சென்று எரிந்தது.

"பார்த்தியா! நான் கட்டினதுல ஒரு குறை கிடையாது. கோளாறெல்லாம் அந்த ரூம்லதான்! விளக்குக்குப் போதும், இதுக்கு அந்தக் கரண்ட் பத்தாது!"

"ஜெயிச்சுட்டீங்க. ரூமை நீங்களே வெச்சுக்கோங்க." அவள் பெருமூச்சு விட்டாள். "ஆனா அங்கே இது ஓடாதே."

"ஓடாதுதான்."

"என் மெஷினுக்குக் கரண்டே வேண்டாம். காலால மிதிச்சா போதும்."

ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை இல்லாவிட்டால் எப்படி? தையல் மெஷினை அவரே மூச்சு வாங்க இழுத்துப்போய் ஜன்னலோரம் போட்டார். திங்கட்கிழமை ஆபீஸில் கரண்டின் குணாதிசயங்கள் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

அடுத்த சனிக்கிழமை, மிச்சமிருந்த திருகாணிகளுக்கு இடம் தேடிப் பெட்டியைத் திறந்தார். பட்டன் ஒயர் போய்ச் சேரும் இடத்தில் மெல்லிய நீலக் கோடு ஒன்று தெரிந்தது. ஒயரின் நுனியிலும் அதே நீலம். தொட்டுப் பார்த்தார். தையல்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்பீஸ்.

"இது என்னடி?"

சின்ன அறையில் மெஷின் சத்தம் நின்றது.

"அடையாளம்ங்க. நான் எதையும் அடையாளம் போடாம பிரிக்க மாட்டேன்."